நாற்பத்தாறு ஸ்லைடுகள்

"மூணாவது ஸ்லைடுல தலைப்பு எழுத்தோட அளவு முப்பத்திரண்டு. நாலாவதுல இருபத்தெட்டு. ஏம்மா, நாலாவது என்ன பாவம் பண்ணுச்சு?"

பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். ஆபீசே அவரைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே அல்ல.

"படிக்க முடியுதுல்ல சார், போதாதா?"

"ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும்மா. தலைப்பெல்லாம் ஒரே அளவு, உள்ளே எல்லாம் ஒரே எழுத்து. மாத்தி அனுப்புங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட் கம்பெனி அது. எந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று நாற்பத்தாறு ஸ்லைடு. மதியம் முதலாளி முன்னால் காட்டவேண்டும். அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்பது இதை வைத்துத்தான். நிரந்தரமானால் வீட்டுக்காரர் இரவு ஷிப்டை விடலாம். பிள்ளைகள் அப்பாவை முழித்திருக்கும்போது பார்க்கலாம்.

இந்த மனுஷனுக்கோ எழுத்துக் கவலை.

எல்லா ஸ்லைடுக்கும் அச்சாக இருக்கும் மாஸ்டர் ஸ்லைடில் மாற்றினாள். பாதிதான் மாறியது. வேறு ஃபைல்களிலிருந்து வெட்டி ஒட்டியதெல்லாம் அசைந்து கொடுக்காமல் நின்றது. அதை ஒவ்வொன்றாகத் திருத்த யாருக்குப் பொறுமை? ஸ்லைடு ஸ்லைடாக மொத்தமாகப் பிடித்து, ஒரே எழுத்து, ஒரே அளவு, ஒரே கறுப்பு என்று அடித்துத் தள்ளினாள்.

"இந்தாங்க சார். கூடப் பொறந்ததுங்ககூட இவ்வளவு ஒத்துமையா இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. பழைய ஃபைலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். இரண்டே நிமிடத்தில் போனை எடுத்தார். அப்புறம் ஒரு மணி நேரம், அவளுடைய ஸ்லைடைப் பார்ப்பதும் போனில் குசுகுசுப்பதும்தான். நடுவில் ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்கவேறு செய்தார்.

'போட்டுக் குடுக்குறாரு' என்று நினைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் திரும்பி வந்தது. "இப்ப காட்டலாம்," என்றார்.

பத்தொன்பதாவது ஸ்லைடில் முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். "ஆஸ்பத்திரி லிஃப்ட் பன்னிரண்டு நாளா? உறுதிதானா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சிவப்பு!

பட்டறையில் கேட்டு உறுதி செய்யாத எண் சிவப்பில்தான் இருக்கவேண்டும். அது அந்த ஆபீஸ் வழக்கம். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பதினோரு எண்களைக் குத்துமதிப்பாகச் சிவப்பில் போட்டிருந்தாள். அத்தனையையும் கறுப்பாக்கியாயிற்று. அதுவும் ஆஸ்பத்திரிக்கு அவள் போட்டது ஏழு. இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?



"பன்னிரண்டேதான் முதலாளி," என்றார் எதிரே இருந்த பட்டறை மேஸ்திரி. "முன்னே பின்னே ஆகாது."

முதலாளி மேலும் நாலைந்து எண்களைக் கேட்டார். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி ஸ்லைடு முடிந்ததும், "நாளையிலேர்ந்து நீங்க நிரந்தரம்மா," என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் அவள் மேஸ்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க மட்டும் கைகொடுக்கலைன்னா இன்னிக்கு நான் தெருவுல. இதை நான் மறக்கவே மாட்டேன்ணே."

"நான் என்னம்மா பண்ணேன்? காலையில உங்க பூதக்கண்ணாடிதான் போன் மேல போன். டீ குடிச்சிட்டு வரேன்யான்னா விடலையே! 'பதினோரு எண்ணையும் அந்தம்மாதான் கேக்கச் சொன்னாங்க. சரிபார்க்காம ஒரு எண்ணைக்கூட அவங்க கறுப்பாக்க மாட்டாங்க'ன்னுட்டாரு!"