எட்டாவது தழும்பு

இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரைகளைப் படம் வரைபவர் ஆம்ப்ரோஸ் தர்க்கெல். கண்ணால் கண்டதை மட்டுமே வரைவார். சர் ஜைல்ஸின் செம்பழுப்புப் பெண்குதிரை பந்தயத்தில் ஜெயித்த மறுநாளே லாயத்தில் செத்துப்போனது. ஆம்ப்ரோஸ் வரைந்த படத்தில் அதன் விலாவில் ஏழு சாட்டைத் தழும்புகள் இருந்தன.

“என்னய்யா இது, குதிரையா வரிக்குதிரையா? அழிச்சிடு,” என்றார் சர் ஜைல்ஸ்.

“ஏறி ஓட்டினதும் நீங்க, அடிச்சதும் நீங்கதானே எசமான்?”

“வாய் ரொம்ப நீளுதே! இனி ஒரு லாயத்துலயும் உன்னை உள்ள விடமாட்டாங்க, பார்த்துக்க.”

ஆம்ப்ரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு தழும்புகளையும் செம்பழுப்புச் சாயத்தால் மூடினார். விலா பளபளத்தது. படம் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் கதவு பூட்டியபடியே இருந்தது. படத்தில் ஏழு தழும்புகளும் திரும்பியிருந்தன. அவற்றின் கீழே எட்டாவதாக ஒன்று இருந்தது. ஏழும் சாட்டையின் மெல்லிய கோடுகள். எட்டாவது அகலமாக இருந்தது. நேற்று சாயம் பூசிய தூரிகையை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

தூரிகையை முழங்காலில் வைத்து ஒடித்தார். வாசலில் வண்டி வந்து நின்றது.

“அழிச்சாச்சா?” என்று கேட்டபடி சர் ஜைல்ஸ் இறங்கினார்.

“இனி அழிக்க மாட்டேன். உள்ள வந்து எண்ணிப் பாருங்க எசமான். ஏழு உங்களோடது. ஒண்ணு என்னோடது.”