நெஞ்செரிச்சல் நின்ற காலை

காலையில் எழுந்தபோது மருமகளுக்கு நெஞ்செரிச்சல் இல்லை.

இரண்டு மாதமாக அவளை உட்காரவிடாமல், படுக்கவிடாமல், ஒரு வாய் சோற்றை நிம்மதியாக விழுங்கவிடாமல் பாடாய்ப் படுத்திய எரிச்சல். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வேலைக்குக் கிளம்பாமல் ஹாலில் நின்றபடி, கூட வேலை செய்கிற ஒவ்வொருவனுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தான். "எல்லாம் எங்கம்மாவோட கைவைத்தியம்டா! டாக்டர் குடுத்த மருந்துகூடக் கேக்கல, தெரியுமா?"

கைவைத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிக்கெட் எடுக்காதவர்களை நடுவழியில் இறக்கிவிட்ட அதே கண்டிப்போடு தக்காளி, எலுமிச்சை, காபி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் சமையலறையைவிட்டு இறக்கிவிட்டாள். வாழைப்பழமும் ஆறவைத்த பாலும் வந்து சேர்ந்தன. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது என்று பக்கத்தில் காவல் உட்கார்ந்தாள். போதாக்குறைக்குக் காலையும் மாலையும் ஒரு டம்ளர் சோம்புத் தண்ணீர்.

சோம்பு வாசம் மருமகளுக்கு ஆகவே ஆகாது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிடுவாள். அதைக் குடித்து ஒரு நாளும் எரிச்சல் குறைந்ததில்லை. கேட்டால், உடனே கேட்காது, உடம்பில் ஊற வேண்டும் என்பாள் மாமியார். எனக்குப் பிள்ளைதான் ஊறுகிறது, சோம்பு ஊறக் காணோம் என்று மருமகள் கணவனிடம் குறைபட்டுக்கொள்வாள்.

இன்று அவளைவிடச் சோம்பை நம்புகிறவர் உலகத்திலேயே யாரும் இல்லை.

இது எட்டாம் மாதம். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது.

அப்போதும் இப்படித்தான். ஒரு காலை எழுந்தபோது எரிச்சல் நின்றிருந்தது. அப்பாடா என்று சந்தோஷப்பட்டு, ஆசை தீரக் காபி குடித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண், பாதியிலேயே எழுந்துபோய் டாக்டரை அழைத்து வந்தாள்.

அந்த அப்பாடாவை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கட்டிலில் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தாள், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். தூங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகள் தூங்கத்தானே செய்யும்.

ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்து சொல்லவே பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும்.

சோம்பு வேலை செய்திருந்தால் போதும். இரண்டு மாதம் ஊறி ஊறி இன்றைக்கு வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் தடவை அவள் சோம்புத் தண்ணீர் குடிக்கவில்லை. அதனால் அது வேறு, இது வேறு.

சமையலறைக்குப் போனாள். மாமியார் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் மிளகாய்த்தூள் டப்பா மட்டும் தப்பிப் பிழைத்து உட்கார்ந்திருந்தது. சத்தமில்லாமல் எடுத்து, ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டு விழுங்கினாள்.

நாக்கு எரிந்தது. காது எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நெஞ்சு சும்மா இருந்தது.

கொஞ்சம் எரியேன், கொஞ்சூண்டு எரிந்தால் போதும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். நேற்று வரை திட்டித் தீர்த்த எரிச்சலுக்காக இன்று அவளுக்கு அழுகை வந்தது.

மாமியார் திரும்பினாள். யாருக்காவது தும்மல் நின்றால்கூடத் தன்னால்தான் என்று சொல்கிறவள், மகன் இத்தனை புகழ்ந்தும் காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

"அத்தை, நீங்க குடுத்த சோம்புத் தண்ணிதானே நிப்பாட்டுச்சு? நீங்களே சொல்லுங்க."

மாமியார் ஹாலை எட்டிப் பார்த்தாள். பிறகு பிடிபட்டுவிட்டவள்போல அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்ட அந்தக் குரல் இவ்வளவு தாழ்ந்து மருமகள் கேட்டதே இல்லை.

"அவன்கிட்ட சொல்லிடாதம்மா. நீ மூக்கப் பிடிச்சிக்கிட்டு குடிக்கிறதப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. பத்து நாளா சோம்பே போடல. வெறும் வெந்நீரத்தான் ஆத்திக் குடுத்தேன். ஆனாலும் எப்படியோ நின்னுடுச்சு பாரேன்!"

மருமகள் மிளகாய்த்தூள் டப்பாவை மேடையில் வைத்தாள்.

"அவரக் கூப்பிடுங்க அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எதற்கு என்று கேட்க வாயெடுத்த மாமியார், அவள் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில்கூடத் துடைக்காமல் அவள் வயிற்றின்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவுமில்லை. இருவரும் ஓர் அசைவுக்காகக் காத்து நின்றார்கள்.

ஹாலில் மகன் நல்ல செய்தி சொல்ல அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.