ஆண் வீச்சம்

ஆண் பன்றிகளுக்குக் காயடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் செல்வலீலாவுக்கு இறைச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காயடிக்காத பன்றிகளில் சிலவற்றின் கறி நாறும். அதைக் கண்டுபிடிக்க அவள் மூக்கைச் சொட்டுமருந்து விட்டுக் கூர்மையாக்கியிருந்தார்கள். கொழுப்பில் சூட்டுக்கம்பியை வைத்து, எழும் புகையை ஒரே ஒரு தடவை முகர வேண்டும். ஆண் வீச்சம் அடித்தால் சிவப்பு முத்திரை குத்தி ஒதுக்கிவிட வேண்டும். மூன்று வருடமாக அவள் தவறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் ஜெபமணி கத்தாரிலிருந்து வந்தான். வாசலிலேயே அணைத்துக்கொண்டான். அதே வீச்சம். அவள் கை தானாக முத்திரையைத் தேடியது.

"என்ன லீலா, ஆளு மனசிலாவல்லியா?"

"மனசிலாச்சு. போய் குளிச்சிட்டு வாங்க."

இரண்டு தடவை குளித்துவிட்டு, சோப்பு மணத்தோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது யாரோ அந்நியன் மாதிரி இருந்தது. இந்த வேலைக்கு வருமுன், அவன் கத்தாருக்குப் போன புதிதில், துவைக்காத அவன் சட்டையை முகர்ந்துகொண்டுதான் அவள் உறங்குவாள். அப்போதும் இதே வீச்சம்தானா?

திங்கள் காலை, ஏழாவது பன்றியில் அது அடித்தது.

"சிவப்பா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"தெரியல்ல சார்," என்றாள் லீலா. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாவது தடவையும் முகர்ந்தாள்.