பூட்ஸ் துடைக்கும் பிரபு

"மறைக்காம சொல்லுங்க. இந்தப் பிரபு யாரு?"

எடிட்டரின் கேள்வியைக் கேட்டு, எதிரே உட்கார்ந்திருந்த நாவலாசிரியை திருதிருவென்று விழித்தாள்.

"யாருன்னா... நம்ம கதாநாயகன்தான் மேடம். இருநூறு வருஷமா இருக்கானே!"

எடிட்டர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ப்ரூஃப் பார்க்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேஜைமேல் கிடந்த கைப்பிரதி, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலக் காதல் நாவலின் தொடர்ச்சி. குதிரை வண்டி, நடன விருந்து, மெழுகு முத்திரை வைத்த கடிதம் என்று இழுத்தடித்து, பிரபுவுக்கும் வைத்தியர் மகளுக்கும் கல்யாணம் ஆனதோடு பழைய நாவல் முடிந்துவிடும். அதற்கப்புறம் என்ன ஆனது என்று இந்தக் காலத்து ஆட்களை எழுத வைத்துப் புத்தகம் போடுவது பதிப்பகத்தின் திட்டம். பல வருஷம் பரணில் கிடந்த அந்தத் திட்டத்தை முதலாளி போன மாதம்தான் தூசி தட்டி எடுத்திருந்தார்.

மூன்று நாளாக எடிட்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், ஐந்தாம் அத்தியாயம்.

"படிக்கிறேன், கேளுங்க. 'பிரபு வாசற்கதவைப் பூட்டிவிட்டு வந்தார். மறுபடி போய் இழுத்துப் பார்த்தார். மூன்றாம் முறை கதவைத் தட்டிக்கொடுத்து, நல்ல பிள்ளை என்றார்.' இது எங்கேருந்து வந்துச்சு?"

"நல்லா இல்லையா மேடம்?"

"நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினையே."

எடிட்டரின் கணவர் பல் டாக்டர். தினமும் படுக்கப் போகுமுன் கதவைத் தட்டிக்கொடுத்து 'நல்ல பிள்ளை' என்பவர். உலகத்தில் வேறு எந்த ஆம்பிளை இதைச் செய்வான்?

அதோடு நின்றதா? பிரபு கோபம் வந்தால் வாயே திறக்காமல் உட்கார்ந்து, வீட்டிலுள்ள எல்லோருடைய பூட்ஸையும் துடைக்கிறார். சாப்பாட்டில் கடைசி வாயை மனைவியின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அத்தனையும் டாக்டர். அச்சு அசல் டாக்டர்!

அதைவிட அவளைக் குத்தியது, எழுதியிருந்த விதம். அவளுக்கு இதெல்லாம் எரிச்சலாகிப்போய் வருஷக்கணக்காகிறது. 'உங்க எச்சிலை என் தட்டுல தள்ளாதீங்க' என்று போன வாரம்கூடச் சீறியிருந்தாள். கைப்பிரதியிலோ ஒவ்வொன்றுக்கும் நாயகி நெகிழ்ந்து போகிறாள். அப்படியென்றால் யாரோ ஒருத்தி அவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமா, உருகியிருக்கிறாள்.

"அக்கா, அத்தான்கிட்ட இப்போ மூச்சு விடாதே" என்று வக்கீல் தங்கை காலையில் போனில் சொல்லியிருந்தாள். "முதல்ல அவ வாயிலேருந்து ஒரு வார்த்தை வாங்கு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் சாயங்காலமே பெட்டியோடு தங்கை வீடு. எடிட்டர் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"பல்லெல்லாம் பளிச்சுன்னு வரிசையா இருக்கே. எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?"

"பல் டாக்டரா? ஐயோ, பேரைக் கேட்டாலே குலை நடுங்கும் மேடம். ஒரு தடவைகூடப் போனதில்லை."

கேட்டு முடிக்குமுன் மறுக்கிறாளே! ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பதில்.

"அப்போ பூட்ஸ், கதவு, கடைசி வாய்... எல்லாம் சொந்தக் கற்பனை?"

நாவலாசிரியையின் முகம் வெளுத்தது. "இல்லை மேடம். அது... என்னோடது இல்லை."

"வந்தீங்களா வழிக்கு! எத்தனை நாளா இது?"

"போன மாசத்துலேருந்துதான். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முதலாளிதான் தாராளமா எடுத்துக்கோன்னாரு."

எடிட்டருக்குத் தலை சுற்றியது. "முதலாளிக்குமா தெரியும்?"

"அவர்தானே மேடம் பழைய ஃபைலையே குடுத்தாரு!" நாவலாசிரியை பையைத் துழாவி, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்தாள். "அந்த நாவல்ல பிரபு எப்படிச் சாப்பிடுவான், எப்படிச் சிரிப்பான்னு ஒரு வரி கிடையாது. எத்தனை பேர் எழுதினாலும் ஆள் ஒரே மாதிரி இருக்கணுமில்லையா? அதுக்காக, முதன்முதல்ல திட்டம் போட்டப்பவே ஆபீஸ்ல யாரோ ஒரு குணக்குறிப்பு எழுதி வெச்சிருக்காங்க. நான் அதைப் பார்த்துதான் எழுதினேன். எழுதினது யாருன்னு தெரியலை மேடம். ஆனா அந்தப் பொண்ணுக்கு இவன்மேல அப்படி ஒரு பைத்தியம்!"

எடிட்டர் வெடுக்கென்று தாளைப் பிடுங்கினாள்.

மேலே பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தது. 'நாயகனிடம் நாயகி மனதைப் பறிகொடுப்பது எதனால்?' என்று அச்சடித்திருந்த கேள்விக்குக் கீழே, விட்டிருந்த இடம் போதாமல் ஓரமெல்லாம் ஏறி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது, கல்யாணமான மூன்றாம் மாதம் இங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்த அவளுடைய சொந்தக் கையெழுத்து.