பக்கத்து அறைக்கு வந்தவர்

"ஜன்னல்கிட்ட போகாதீங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" ஏட்டு அதட்டினார்.

அவள் திரையை விட்டுவிட்டு நகர்ந்தாள். வாசல் கதவுக்கு உள்பக்கம் பூட்டு, சாவி ஏட்டின் இடுப்பில். போன் கிடையாது, கடைகண்ணி கிடையாது, பெற்ற மகளின் முகத்தைப் பார்த்தே மாதக்கணக்காகிறது.

இத்தனைக்கும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு கொலையைப் பார்த்தாள், பார்த்ததை மறைக்காமல் சொன்னாள். கொன்றவன் ஜெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, மனு போட்டுப் பார்க்க வரும் உறவுக்காரர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, அவள் சாட்சிப் பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே அடைந்து கிடந்தாள்.

செத்தவர் அவள் கணவர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அந்த இடத்தின்மேல் ஒரு காண்ட்ராக்டர் கண் வைக்க, காலி செய்ய முடியாது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். ஒரு நாள் பட்டப்பகலில் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் கடைக்குள் நுழைந்தான். சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றவளின் கண்ணெதிரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தெரு நிறையக் கடைகள் இருந்தும் யாரும் எதையும் பார்க்கவில்லையாம். டீக்கடைக்காரர் பால் வாங்கப் போயிருந்தாராம். எதிர்க்கடைக்காரர் அன்றைக்கென்று பார்த்துக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாராம். அவள் மட்டும்தான் அடையாள அணிவகுப்புக்குப் போய், அவன் தோளைத் தொட்டு, "இவன்தான்" என்றாள்.

ஏட்டு தொண்டையைச் செருமினார். "பக்கத்து ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுக்கிறீங்களாம்மா? இன்னொருத்தர் வர்றார்."

"யாருங்க?"

"உங்க கேஸ்தான். புதுசா ஒரு சாட்சி."

"நிஜமாவா? அவரும் பார்த்தாராமா?"

"ரொம்பக் கிட்ட இருந்து பார்த்தவர்." ஏட்டு சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காண்ட்ராக்டர் பேரு வரைக்கும் சொல்லிட்டார். வெளியில விட்டா அவங்க ஆளுங்களே இவரை முடிச்சிடுவாங்க."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. கடைசியில் ஒருவருக்காவது மனசாட்சி உறுத்தியிருக்கிறது! டீக்கடைக்காரராக இருக்குமோ? யாராக இருந்தால் என்ன, யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

பக்கத்து அறையைப் பெருக்கித் துடைத்தாள். தன்னிடமிருந்த இரண்டு போர்வையில் கிழியாததை அந்தக் கட்டிலில் விரித்தாள். மேசை விசிறியையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தாள்.

"உங்களுக்கு வேணாமா?" என்றார் ஏட்டு.

"எனக்குப் பழகிடுச்சு. அவர் புதுசு இல்லையா, முதல் ஒரு வாரம் தூக்கமே வராது. பாவம், பெண்டாட்டி பிள்ளைங்களை விட்டுட்டுத்தானே வர்றார்?"

ஏட்டு விசிறியின் வயரைச் செருகப் போனார்.

"ஏட்டய்யா, அடுத்த வாரம் கோர்ட்டுல முதல்ல நான் சொல்லணுமா, அவர் சொல்வாரா? நானே முதல்ல சொல்லிடறேனே. அவருக்கும் ஒரு தைரியம் வரும்."

"அதெல்லாம் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து உங்ககிட்ட விவரமாப் பேசுவாரும்மா."

அவள் அடுப்படிக்குப் போய், கூட ஒரு ஆளுக்குச் சேர்த்து அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். இத்தனை நாள் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு, நடந்ததைச் சொல்லி அழ ஒரு துணை வருகிறது. வெங்காயம் நறுக்கும்போது வந்த கண்ணீரில் பாதி சந்தோஷக் கண்ணீர்தான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

"இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள ஏன்யா கூட்டிட்டு வந்தீங்க?" என்று பதறிக்கொண்டு ஏட்டு ஓடினார். பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. கையை முந்தானையில் துடைக்கக்கூடத் தோன்றாமல், கத்தியும் கையுமாக அவள் முன்னறைக்கு வந்தாள்.

"வாங்க, வா..."

வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவன், அவள் கணவரைக் கொன்றவன்.

ஜெயிலிலிருந்து தப்பி, மோப்பம் பிடித்து இங்கேயும் வந்துவிட்டான்! கூட வந்த போலீஸ்காரர்கள்கூட அவள் கண்ணில் படவில்லை.

"ஏட்டய்யா! அவன் வந்துட்டான்! என்னைக் கொல்ல வந்துட்டான், பிடிங்க!" கத்தியை முன்னால் நீட்டிக்கொண்டு அலறினாள்.

ஏட்டு ஒரே பாய்ச்சலில் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். இடுப்பிலிருந்த துப்பாக்கி அவர் கைக்கு வந்திருந்தது. அவர் முதுகு அவன் பக்கமும் துப்பாக்கி அவள் பக்கமும் இருந்தன.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் அங்கே நிக்கிறான், என்னை ஏன் பார்க்கிறீங்க?"

"சொன்னாக் கேளுங்கம்மா. இவர் அப்ரூவர் ஆயிட்டார். காண்ட்ராக்டரைக் காட்டிக் குடுத்ததுக்காக கோர்ட்டு இவருக்கு மன்னிப்பு குடுத்திடுச்சு."

"நான் குடுக்கலையே!"

அவள் கத்தியை இறக்கவில்லை. ஏட்டின் தோளுக்குப் பின்னால் அவன் ஒடுங்கிக்கொண்டு நின்றான்.

"கத்தியைக் கீழ போடுங்கம்மா," என்றார் ஏட்டு. "இனிமே எங்க சாட்சி இவர்தான்."