ஜாதகப் புரோகிராமுக்கு இடம் போதவில்லை

ஒரு ஜோசியர் தன் பழைய ஜாதகப் புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். திறக்கும்போதெல்லாம் அது "மெமரி போதவில்லை" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

பொருத்தம் பார்க்க வந்த பெண் வீட்டார் கிளம்ப எழுந்தார்கள். "இந்தத் தடவையும் திறக்கலேன்னா இதை அழிச்சிடறேன்" என்று ஜோசியர் மவுஸை மடார் மடாரென்று தட்டினார்.

"என் மண்டை வீங்குது! புரோகிராம் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் இடம் விட்டா என்ன?" என்று மவுஸ் மெமரியிடம் எரிந்து விழுந்தது.

"மொத்த வீடும் காலியாத்தான் கிடக்கு. அவர் வாசல்லயே நிக்கிறாரு!" என்றது மெமரி.

"இவ்வளவு பெரிய வீட்டுல எதிர்ச் சுவரே தெரியலையேப்பா" என்றது புரோகிராம். "அளக்க முடியாத இடத்தைப் போதாதுன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

"ஊரார் தலையெழுத்தெல்லாம் தெரியுது, முன்னால இருக்கிற இடம் தெரியலையா?" என்று மெமரி தலையில் அடித்துக்கொண்டது. பிறகு வீட்டின் குறுக்கே ஒரு தடுப்பை வைத்து, மூலையில் பழைய கம்ப்யூட்டர் அளவுக்கு மட்டும் இடம் காட்டியது.

புரோகிராம் உடனே உள்ளே வந்து காலை நீட்டிக்கொண்டது. திரையில் ஜாதகக் கட்டம் விரிந்தது. பெண் வீட்டார் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"இதை முதல்லயே ஒழிச்சுக் குடுத்திருக்கலாம்ல தம்பி?" என்றது புரோகிராம். "பாவம், உன்னால மவுஸுக்கு எவ்வளவு அடி!"