நாலாவது புள்ளி

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நெஞ்சுப் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சியபோது, இடம் பிசகாமலிருக்க என் தோலில் மூன்று நீலப் புள்ளிகளைப் பச்சை குத்தினார்கள். போன மாதம் கிணற்றடியில் முழுகும்போது மனைவி பீற்றிஸ் நாலு எண்ணினாள். நான் மீன்பிடிக்கிற வாவியின் சேறென்று தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தாள். கிணறு பாதி வற்றியது, புள்ளி அசையவில்லை.

"இது போகாது, கொண்டுபோய்க் காட்டுங்க."

ஸ்கேனில், நாலாவது புள்ளிக்கு நேர் கீழே அரிசியளவில் புதுப் புற்றுநோய்.

"பழைய கதிராலயும் சிலருக்கு இப்பிடி வரும். நல்லா முந்தி வந்திட்டீங்க. இந்தப் புள்ளி ஆர் வைச்சது?" என்றார் டொக்டர். பழைய கோப்பில் மூன்றுதான்.

முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊருக்கு நான் கட்டி கொடுவா மீனளவென்றே சொல்லித் திரிகிறேன்.

இன்று காலை பீற்றிஸின் தோளில் அதே நீலத்தில் ஒரு புள்ளி. அவள் தேய்க்கவில்லை. பூப்போட்ட சேலையை உடுத்திக்கொண்டு, "வாங்க, இதையும் முந்திப் பிடிப்பம்" என்று எனக்கு முன்னே பஸ் ஏறினாள்.